இலைப் பிரிவு சூப்பிரண்டு

மஞ்சக்குப்பத்தில் ரிட்டயர்டு ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கலெக்டர் ஆபீஸ் கண்ட ஊராயிற்றே. அவர்களில் ஒரு ரகம், தைப்பூசம் நெருங்கினால் வடலூருக்குச் சமையல் சேவை செய்யக் கிளம்பிவிடும். நம்ம ஐயா அந்த ரகம். தென்னாற்காடு மாவட்டத்தை 1993இல் பிரித்ததே இன்னும் அவருக்கு உடன்பாடில்லை. ஃபைல் இவர் மேசைக்கு வராமலே பிரித்துவிட்டார்களாம்.

பஸ் குறிஞ்சிப்பாடி தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டுக்காரருக்கு முழு விவரமும் போய்விடும். 1867 மே 23ஆம் தேதி வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பார்வதிபுரத்து ஜனங்கள் கொடுத்த நிலம். போக்கிடம் இல்லாதவரோ பரதேசியோ, யார் வந்தாலும் சாதி கேட்காமல் சோறு. சொல்கிற தோரணையைப் பார்த்தால் விறகுக்கு சாங்ஷன் கொடுத்தவரே இவர்தான் என்று தோன்றும்.

பூசத்தன்று வள்ளலாரின் ஞானசபையில் ஏழு திரை விலகி ஜோதி தெரியும். ஐயாவுக்கு எட்டாவதாக ஒன்று உண்டு, ‘முன்னாள் சூப்பிரண்டு’ என்று. அதை விலக்க ஆளில்லை.

தெரிந்தவர்களின் அன்னதானப் பந்தலுக்குப் பின்னால், அருவாமனையில் ஓர் அம்மா பரங்கிக்காய் அரிந்துகொண்டிருந்தார்.

“எத்தன பேருக்கும்மா சமையல்?”

“வர்றவங்களுக்குங்கய்யா.”

“அதில்லம்மா, எண்ணிக்கை?”

“அந்தப் பரங்கிக்காய இப்படி உருட்டி வுடுங்க.”

ஐயா விடவில்லை. தானே அருவாமனையில் உட்கார்ந்தார். முதல் துண்டு செங்கல், அடுத்தது அப்பளம். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் இரண்டையும் எடுத்து மறுபடி அரிந்து கூடையில் போட்டார். பிறகு ரொம்ப மரியாதையாக, “நீங்க எலை தொடைங்கய்யா” என்றார்.

ஐயாவுக்கு அது மாற்றலாகத் தெரியவில்லை, பதவி உயர்வாகவே தெரிந்தது. ஈரத்துணியும் கையுமாக இலைகளை மூன்று அடுக்காகப் பிரித்தார்: முழு இலை, கிழிசல், பரிசீலனையில் உள்ளவை. மூன்றாவது அடுக்குதான் மளமளவென்று வளர்ந்தது.

சாம்பார் வாளி கிளம்பியது. ஒரு பையன் ஓடிவந்தான்.

“ஐயா, எலை!”

“எத்தனை வேணும்? ஒரு சீட்டு எழுதிக் குடுத்துட்டு எடு.”

“பந்தி ஒக்காந்தாச்சுங்கய்யா!”

ஐயா பேனாவுக்குச் சட்டைப்பையைத் தடவி நிமிர்வதற்குள் பையன் மூன்று அடுக்கையும் ஒன்றாக வாரி அணைத்துக்கொண்டு போய்விட்டான். பரிசீலனையில் இருந்த இலைகளிலும் சோறு விழுந்தது. சாப்பிட்டவர் யாரும் ஆட்சேபம் எழுப்பியதாகத் தகவல் இல்லை.

திரும்பும் வழியில் ஐயா இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, பஸ்ஸிலேயே கோடு போட ஆரம்பித்தார். அடுத்த பூசத்துக்கு இலை ரிஜிஸ்டர்.