மின்சாரக் காரில் சொந்தப் பாட்டுக் கேட்டல்: கல்லாவி முதல் ஓசூர் வரை ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

நன்னூல் செய்த பவணந்தி முனிவர், ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தில் எட்டுச் செய்திகள் இடம்பெற வேண்டுமென்று வகுத்துச் சென்றிருப்பதாலும், அம்முனிவரை மீறிக் கார் ஆராய்ச்சி செய்யும் துணிவு நமக்கு இல்லாமையாலும், அம்மரபின்படியே தொடங்குவோம். நுதலிய பொருளாவது, பென் டிரைவில் ஏற்றிய சொந்தப் பாட்டுகளை மின்சாரக் காரில் கேட்டல். எல்லையாவது, கிழக்கே ஊத்தங்கரை வட்டத்துக் கல்லாவி, மேற்கே ஓசூர்; இடைப்பட்டவை சாமல்பட்டி, மத்தூர், கிருஷ்ணகிரி, சூளகிரி. வழியாவது, கேசட்டை முதல்நூலாகவும் சி.டி.யை வழிநூலாகவும் பென் டிரைவைச் சார்புநூலாகவும் கொண்டது. யாப்பு, தொகை. கேட்போர், பின் சீட்டில் அமர்ந்திருப்போர், அவர்தம் சம்மதம் இருப்பினும் இல்லாவிடினும். பயன், அறம் பொருள் இன்பம் வீடு ஆகிய நான்கனுள் இறுதியில் நிற்பது. முதல் மூன்றும் பெரும்பாலும் கிருஷ்ணகிரிச் சுங்கச்சாவடிக்குள் செலவாகிவிடும். நூற்பெயர் மேலே காணப்படும். ஆக்கியோன் பெயரை மறைப்பது, வீட்டில் சமாதானம் நிலவ வேண்டும் என்னும் ஒரே காரணத்தினால்.

இவ்வாராய்ச்சிக்குக் கல்லாவியைக் களமாகக் கொண்டதற்கு நியாயம் உண்டு. ஓசூரில் டிவிஎஸ்ஸும் ஏத்தரும், போச்சம்பள்ளியில் 2021 முதல் ஓலாவும் மின்சார ஸ்கூட்டர்களைச் செய்து குவிக்கும் இந்தப் பிரதேசத்தில், விடியுமுன் கம்பெனி பஸ் ஏறிப்போகும் இளைஞர்களுக்கு பேட்டரியும் மோட்டாரும் அன்றாட வேலையாகிவிட்டபடியால், ‘கரண்டு வண்டி’ எப்படி ஓடுகிறது என்று எவரும் வியப்பதில்லை. அது எப்படிப் பாடுகிறது என்பதே இங்கு விவாதத்துக்குரிய விஷயம்.

திரட்டின் வரலாறு

பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட கேசட் என்னும் சாதனம் நம் பக்கத்துச் சிற்றூர்களை வந்தடைந்த பிறகு, பஸ் நிலையத்தை ஒட்டிய ரெக்கார்டிங் சென்டரில், கோடு போட்ட நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்து, நாலு நாள் கழித்துப் பதிவான கேசட்டைப் பெற்று வருவது ஒரு சம்பிரதாயமாக வேரூன்றிற்று. அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு அரை மணி, தொண்ணூறு நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு முக்கால் மணி என்று கால அளவு வரையறுக்கப்பட்டிருந்தமையால், கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவே அறுந்து போவதும், அங்ஙனம் அறுக்க மனமில்லாத கடைக்காரர், மிஞ்சிய நாடாவில் தமக்குப் பிடித்த சிறிய பாட்டு ஒன்றைத் தாமாகவே சேர்த்துவிடுவதும் உண்டு. பட்டியலில் இல்லாத அந்த உபரிப் பாட்டே நாளடைவில் கேசட்டுக்கு உடையவரின் பிராணனாக மாறிவிட்டதென்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

பின்னர் செல்போன் கடைகள் அத்தொழிலை ஏற்றுக்கொண்டு, மெமரி கார்டிலும் பென் டிரைவிலும் பாட்டு ஏற்றித் தந்தன. வினாடிக்கு 128 கிலோபிட் என்னும் தரத்தில் ஒரு நிமிஷப் பாட்டு ஏறக்குறைய ஒரு எம்பி இடம் பிடிக்குமாதலின், நாலரை நிமிஷச் சினிமாப் பாட்டுகள் 32 ஜிபி பென் டிரைவில் 7,000 வரை அடங்கும். தொண்ணூறு நிமிஷக் கேசட்டில் இருபது பாட்டு என்று கணக்கிட்டால், இது 350 கேசட்டுகளுக்குச் சமானம். இரவு பகலாக இடைவிடாது ஒலித்தாலும் கேட்டு முடிக்க மூன்று வாரமாகும். கல்லாவியிலிருந்து ஓசூர் செல்லும் காலமோ இரண்டரை மணி, அதாவது ஏறக்குறைய முப்பது பாட்டு. ஏழாயிரம், முப்பது என்னும் இவ்விரண்டு எண்களையும் வாசகர் நினைவில் இருத்துவாராக.

நிசப்தம்

எம்பி3 என்னும் முறையை உருவாக்கிய ஜெர்மானிய விஞ்ஞானிகள் ஆதாரமாகக் கொண்டது, பெரிய ஓசை ஒலிக்கும்போது அதனருகிலுள்ள சிற்றோசையைக் காது உணராது என்னும் தத்துவமாகும். உணராததைச் சேமிப்பானேன் என்று அதைக் கழித்துவிட்டார்கள். அதே தத்துவத்தை நம் டீசல் ஜீப்புகளும் மினி பஸ்களும், விஞ்ஞானம் எதுவும் கல்லாமலே, வேறு வகையில் கடைப்பிடித்து வந்தன. இஞ்சினின் பேரிரைச்சல், பாட்டில் இருந்த குறைகள் அனைத்தையும் கருணையோடு மூடி மறைத்தது.

மின்சாரக் காரில் அந்தக் கருணைக்கு இடமில்லை. இஞ்சின் இல்லை, மிதமான வேகத்தில் டயரின் உராய்வும் காற்றின் சீறலும் மட்டுமே. ஆகவே, கேசட்டிலிருந்து பென் டிரைவுக்குக் குடிபெயர்ந்த பாட்டுகளின் அடியில் ஓயாது ஓடும் ‘உஸ்’ஸென்ற நாடாவோசையும், ஜால்ராவின் ஓசை தண்ணீரில் நனைந்ததுபோல் குழைவதும் பிரத்தியட்சமாகக் கேட்கின்றன. மௌனம் மிகுதியாகிவிட்டதென்று கருதி, மெதுவாகச் செல்லும் மின்சார வாகனம் நடப்போர் அறியச் செயற்கை ஓசை எழுப்ப வேண்டுமென்று ஐரோப்பாவில் செய்த விதி 2019இல் புதிய மாடல்களுக்கு நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் மகிந்திரா தன் மின்சார வண்டிகளின் ஒலிகளை அமைக்க ஏ. ஆர். ரஹ்மானையே நாடிற்று. இஞ்சினின் இரைச்சலை ஒழிக்க ஒரு நூற்றாண்டு பாடுபட்ட மனிதன், அது ஒழிந்த மறுகணமே இசையமைப்பாளரை அழைத்து ஓசை போடச் சொல்வது ஆராய்ச்சியாளருக்கு ஆறுதல் அளிப்பதாகும்.

மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டர், மத்திய அலை வானொலியில் கரகரப்பை உண்டாக்குவதால், சில நிறுவனங்கள் மின்சாரக் கார்களில் அந்த அலைவரிசையையே நீக்கிவிட்டன. கொழும்பிலிருந்து வந்த இலங்கை வானொலியைக் கடல் கடந்து பிடித்த பழைய வால்வு ரேடியோவால் முடிந்த காரியம், பல லட்ச ரூபாய்க் காரால் முடியவில்லை.

வரிசை

பாட்டோடு பாடியவர் பெயரையும் பொதிந்து வைக்க 1996இல் ஏற்பட்ட ஐடி3 என்னும் குறிப்பேட்டில், பெயருக்கு ஒதுக்கப்பட்ட இடம் முப்பது பைட். ஒருங்குறியின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் செலவாவதால், இந்த முதற்பதிப்பில் தமிழ்ப் பெயர்கள் படும் பாடு தனியாக ஆராயத்தக்கது. இளையராஜா இருபத்து நான்கு பைட்டில் முழுமையாக அடங்கிவிடுகிறார். எம். எஸ். விஸ்வநாதன், ‘எம். எஸ். வி’ என்ற இடத்தில் இற்று நிற்கிறார். தமிழ்நாடு முழுவதும் அவரை அப்படியே அழைத்து வந்ததால் சேதம் ஒன்றுமில்லை. டி. எம். சௌந்தரராஜனுக்கு அந்த பாக்கியம் கிட்டவில்லை, அவர் ‘டி. எம். சௌந’ ஆகிவிடுகிறார். திரையில் தமிழ் எழுத்துரு இல்லாத கார்களிலோ, எல்லோரும் வெறும் சதுரக் கட்டங்களே. பாட்டை இறக்கிய இணையத்தளங்கள் ஆல்பத்தின் பெயரிருக்கும் இடத்தில் தத்தம் முகவரியை முத்திரையிட்டிருக்குமாதலால், நூறு படங்களின் பாட்டுகள் ஒரே ஆல்பமாகத் திரண்டு நிற்பதும் உண்டு.

அகர வரிசையிலும் கலகம் இருக்கிறது. தொல்காப்பியர் காலந்தொட்டு னகரம் எழுத்துகளின் இறுதியில் நின்று வந்தது. ஒருங்குறி அட்டவணையிலோ அது நகரத்தின் தோளில் சாய்ந்து நிற்கிறது. அந்த அட்டவணையைப் பார்த்து அடுக்கும் கார், ஆங்கில எழுத்தில் பெயரிட்ட பாட்டுகளை முன்னிறுத்தி, தமிழைப் பின்னே தள்ளிவிடுகிறது.

இவையெல்லாம் சிறுபான்மை. பெரும்பான்மையான துன்பம், நிறுத்தி எடுக்குந்தோறும் பல கார்கள் வரிசையின் முதற்பாட்டிலிருந்தே தொடங்குவதால் விளைவது. இத்துன்பம் உலகப் பொதுவானது என்பதற்குப் பிரமாணம் வேண்டுவோர், 2017இல் அமெரிக்கர் ஒருவர், ஏறக்குறையப் பத்து நிமிஷ வெறும் மௌனத்தை, வரிசையில் முதலில் வருமாறு ‘ஏ ஏ ஏ’ என்று தொடங்கும் பெயரிட்டு விற்க, போனைக் காரில் இணைத்தவுடன் அலறும் முதற்பாட்டால் நொந்திருந்தோர் அதை வாங்கி விற்பனைப் பட்டியலில் மேலே ஏற்றிய சம்பவத்தைக் காண்க.

கல்லாவி மக்கள் மௌனத்தை விலை கொடுத்து வாங்கும் இயல்பினர் அல்லர். காலையில் முதல் டிரிப் எடுக்கும் பஸ்ஸில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய விநாயகர் பாட்டு ஒலித்த பிறகே மற்றவை என்னும் பஸ் சம்பிரதாயத்தைப் பின்பற்றி, அப்பாட்டுக்கு ‘001’ என்று பெயரிட்டு முதலில் வைக்கிறார்கள். (வெறும் 1 என்று இட்டால், பத்து வந்து இரண்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும்.) இதன் பலனாக, மத்தூரில் டீ குடித்து ஏறினாலும் பிள்ளையார், சூளகிரியில் சார்ஜ் போட்டு ஏறினாலும் பிள்ளையார். ஓசூர் சேர்வதற்குள் வண்டி காட்டும் பக்தி, அதன் உடைமையாளர் ஆயுளில் காட்டியதற்கு மேற்பட்டதாகிவிடுகிறது.

மொழியெல்லை

பாடியவர் பெயரால் அடுக்கச் சொன்னால், எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வரிசையில் கலந்து வரும். ஜெமினி கணேசனுக்குத் தமிழில் பாடிய பி. பி. ஸ்ரீநிவாஸ், அடுத்த பாட்டில் ராஜ்குமாருக்குக் கன்னடத்தில் பாடுவார். வேறு ஊர்களில் இதனைக் குழப்பம் என்பார்கள்; மளிகைக் கடையில் ஒரு மொழியும் வீட்டில் ஒரு மொழியும் கம்பெனியில் ஒரு மொழியும் பேசும் ஓசூர்க்காரர், இதில் அடுக்கிவைக்க என்ன இருக்கிறது என்று கேட்பார்.

பூர்வபட்சமும் மறுப்பும்

பாட்டு வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்பது, முன் சீட்டு உறவினர்கள் பலரின் அபிப்பிராயம். பாட்டு செட் ஐம்பது வாட் இழுப்பதாகக் கொண்டால், இரண்டரை மணிக்கு ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு. நூறு கிலோமீட்டருக்குப் பதினைந்து யூனிட் செலவாகும் காரில், இது ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கும் போதாது. ஒரு கிலோவாட் இழுக்கும் ஏ.சி.யோ அதே நேரத்தில் ஏறக்குறையப் பதினேழு கிலோமீட்டரை விழுங்கிவிடும். ஆயினும், ஏ.சி.யைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் பாட்டைத் தொடரச் சொன்ன உறவினர் எவரும் இதுகாறும் தென்படவில்லை.

போனில் உலகத்துப் பாட்டெல்லாம் கிடைக்கையில் பென் டிரைவ் எதற்கு என்பது இளைஞர் தரப்பு. மாதச் சந்தா நின்றாலும், உரிமம் முடிந்து பாட்டு மறைந்தாலும், சிக்னல் போனாலும், கையிலுள்ளது கையிலேயே இருக்கும் என்பது விடை. இவ்விடை தர்க்கரீதியில் பழுதற்றது. எனினும் காரில் ஏறியவுடன் ப்ளூடூத் மகளின் போனைத் தேடிப் பற்றிக்கொள்வதால், விடை சொல்லி முடிக்க அவகாசம் கிடைப்பதில்லை.

சித்தாந்தம்

முன்னர் நினைவில் இருத்தச் சொன்ன எண்களை இப்போது கூட்டிப் பார்க்கலாம். திரட்டில் இருப்பவை ஏழாயிரம். பயணத்துக்கு வேண்டியவை முப்பது. நிறுத்தி எடுக்குந்தோறும் முதலிலிருந்து தொடங்குவதால் உண்மையில் காதில் விழுபவை முதல் இருபது, அதாவது பழைய தொண்ணூறு நிமிஷக் கேசட் ஒன்று. எஞ்சியவை, பாங்கு லாக்கரில் கிடக்கும் நகைபோல், அணிவதற்கல்ல. இருக்கிறது என்னும் திருப்திக்கே. சாதனம் எவ்வளவு பெருத்தாலும், கல்லாவிக்கும் ஓசூருக்கும் இடையிலுள்ள சாலை நீளவில்லை. மனிதனின் காதும் அவ்வண்ணமே.

ஆதலின் இந்நூல் விதிப்பது: பென் டிரைவில் முப்பது பாட்டே ஏற்றுக. அவற்றுள் இருபத்தொன்பதை வண்டிக்கு உடையவர் தேர்ந்துகொள்ளலாம். முப்பதாவதை, ரெக்கார்டிங் சென்டர்காரர் அன்று செய்ததுபோல், வேறொருவர் அவரைக் கேளாமல் சேர்க்க வேண்டும். அது வரும்போது தாண்டிச் செல்லும் பொத்தானை அவர் தொடலாகாது. அந்த வேறொருவர் மனைவியா, மகளா, மாமனாரா என்பதில் ஆசிரியர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. மாதத் தவணை கட்டுபவர் அல்லர் என்பதில் மட்டும் இல்லை.