முதலில் மூடி

நேற்று மத்தியானம் இரண்டு மணிக்கு, அக்னி நட்சத்திரம் மண்டையைப் பிளக்கும்போது, சின்ன மாமனார் வந்தார். "ஒண்ணும் வேண்டாம் மாப்பிள்ளை, தண்ணி போதும்" என்றார். அப்படிச் சொன்னவருக்கு வெறும் தண்ணீரைக் கொடுத்தால் பத்து வருஷம் கழித்து எந்தக் கல்யாணப் பந்தியில் அது திரும்பி வரும் என்று உங்களுக்குத் தெரியும். நான் வீட்டில் செய்த திராட்சை சிரப்பை எடுத்தேன்.

கடைச் சரக்கைவிட அது ஏன் உசத்தி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. முதலில் மூடி.

திறக்கவில்லை.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அதன் சாறு மரையில் காய்ந்த மூடிக்கும் தனியாக ஒன்று கொடுக்கலாம். சாறு ஒரு பங்கு என்றால் சர்க்கரை ஒன்றரைப் பங்கு என்பது அம்மாவின் கணக்கு. கிருமியின் உடம்பிலிருக்கும் ஈரத்தையே உறிஞ்சிவிடும் அந்தச் சர்க்கரை, ஊற்றும்போது வழிந்த சொட்டோடு மரைக்குள் இறங்கிக் காய்ந்தால் சிமெண்டுதான். வழிந்ததை ஈரத்துணியால் துடைக்க யாருக்காவது கை வருகிறதா? விரலால் வழித்து நக்கிவிட்டு மூடுகிறோம். நானும்தான்.

"சுடுதண்ணியில காட்டுங்க" என்றாள் மனைவி. கண்ணாடியைவிடத் தகரம் அதிகமாக விரியும், விஞ்ஞானப்படி சரி. விரல்தான் வெந்தது. "ரப்பர் பேண்டு சுத்துப்பா" என்றான் மகன், செல்போனிலிருந்து தலையெடுக்காமல். சுற்றினேன், அறுந்து கண்ணில் தெறித்தது. அடுத்து கதவிடுக்கு. மூடியைக் கொடுத்துத் திருகினேன், கதவின் பெயிண்ட் வந்தது. கரண்டிக் காம்பால் நெம்பினேன், காம்பு வளைந்தது. "வலது பக்கம் திருப்புறியேடா" என்றார் அம்மா. அவருக்கு வலது எது என்று தெளிவுபடுத்துவதில் ஐந்து நிமிஷம். எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டோம். தினமும் ஜிம்முக்குப் போகிறவன், "இதுக்கா அங்கிள்?" என்று சிரித்தபடி வாங்கினான். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கடைசியில் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "லூஸ் பண்ணிட்டேன், இனிமே ஈசி" என்று சொல்லிப் போனான். மூடி திறக்க முடியாத ஆண்கள் எல்லோரும் சொல்லும் வாக்கியம் இது. நானும் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லும் முகத்தைப் பார்த்தால் எவ்வளவு எரிச்சல் வரும் என்று நேற்றுதான் தெரிந்தது.

இடையில் இரண்டு விஷயம். ஒன்று, இந்த வருஷம் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துவிட்டேன், டாக்டருக்குப் பயந்து. ஃபிரிட்ஜில் மாவுக்கே இடமில்லாததால் பாட்டில் மூன்று வாரமாகப் பரண் ஓரத்தில்தான் நின்றது. இரண்டு, அந்தப் பாட்டில். நல்ல கனமான கண்ணாடி, அழகான தோள்பட்டை. அதன் பூர்வாசிரமத்தைப் பற்றி மாமனார் வீட்டு மனிதர்கள் முன் பேசுவதில்லை. சிரப் ஊற்றி வைக்க அதைவிட வாகான பாட்டில் கிடையாது; உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும்.

அரைமணி நேரமாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சின்ன மாமனார், "கொடுங்க" என்றார். வேட்டி நுனியைப் போட்டு ஒரு திருகு.

புஸ்ஸ்.

நுரை பொங்கி அவர் வேட்டியில் வழிந்தது. கூடம் முழுக்க ஒரு வாசனை. எந்தக் கடையின் வாசலைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வோமோ அந்த வாசனை. மனைவி என்னைப் பார்த்தாள். அவர் பாட்டிலின் தோள்பட்டையைப் பார்த்தார், பிறகு என்னை.

"நான் கேட்டது வேற தண்ணி, மாப்பிள்ளை."

ஒன்று மட்டும் பதிவாகட்டும். மூடியை லூஸ் பண்ணி வைத்தது நான்.