நவம்பர் ஒன்றும் காகதாலீயமும்: ராமாபுரத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

தினசரி காலண்டரில் தாள் கிழிப்பது எளிது. கிழித்த தாளைப் படிப்பதில்தான் ஆபத்து. ராகு காலம், எமகண்டம், குளிகைக்கெல்லாம் கீழே பொடி எழுத்தில் ‘வரலாற்றில் இன்று’ என்று ஒரு பகுதி இருக்கும். அதில் ஒரு கம்பெனியின் ஆட்சி முடிந்திருக்கும். அடுத்த வரியில் ஒரு நடிகை பிறந்திருப்பார். அதற்கும் கீழே ஒரு பாடகர் மறைந்திருப்பார். ஒருவரையொருவர் அறியாத இவர்களை ஒரே தாளில் நெருக்கி உட்காரவைத்தது யார்? கிரகம் என்பர் சோதிடர். தாளில் இடம் மிஞ்சியது என்பர் அச்சகத்தார். இரு சாராரையும் மறுத்து மூன்றாவது கொள்கையொன்றை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்கொண்ட நாள் நவம்பர் 1. எடுத்துக்கொண்ட ஊர் ராமாபுரம்.

எந்த ராமாபுரம் என்பதை முதலில் வரையறுத்துவிட வேண்டும். எம்.ஜி.ஆர். தோட்டம் இருக்கிற சென்னை ராமாபுரம் அன்று. கொள்ளேகாலிலிருந்து ஹனூர் தாண்டி, மாதேஸ்வரன் மலைக்காடுகளின் ஓரத்தில் இருக்கிற ராமாபுரம். இவ்வூரின் சிறப்பு, இருந்த இடத்தில் இருந்துகொண்டே ஊர் ஊராகப் போனது. 1956 அக்டோபர் 31 இரவு வரை கொள்ளேகால் தாலுகா சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. விடிந்தால் நவம்பர் 1. தாலுகா மைசூர் மாநிலம், மைசூர் மாவட்டம். 1973 நவம்பர் 1 அன்று, தேவராஜ் அர்ஸ் முதல்வராக இருக்கையில், மாநிலத்தின் பெயரே கர்நாடகம் ஆயிற்று. 1997இல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்துச் சாமராஜநகர் மாவட்டம் என்றார்கள். பின்னாளில் ஹனூரே தனித் தாலுகாவாகிவிட்டது. ஆக, ராமாபுரத்தில் பிறந்து, திண்ணையை விட்டு இறங்காமலே வாழ்ந்த ஒரு பெரியவர் இத்தனை விலாசங்களில் குடியிருந்திருக்கிறார். மாநிலம் மாறியதும் மாநிலத்தின் பெயர் மாறியதும் ஒரே தேதியில். இதைத் தற்செயல் என்று விட்டுவிட ஆராய்ச்சி மனம் ஒப்பவில்லை.

இனி கொள்கை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் பாட்டிமார் சொல்வதைத் தர்க்க நூலார் காகதாலீய நியாயம் என்பர். காக்கை உட்கார்ந்ததும் உண்மை, பழம் விழுந்ததும் உண்மை, இரண்டுக்கும் உறவு மட்டும் இல்லை. இதுவரை இந்த நியாயத்தை ஆண்டவர்கள் எல்லாரும் பழத்தையே பார்த்தார்கள். காக்கையைக் கேட்டவர் இல்லை. காக்கை அந்த மரத்தில், அந்த நேரத்தில் உட்காரக் காரணம் இருந்திருக்குமல்லவா? எனவே ஒரு தேதியில் நடந்தவற்றை இரண்டாகப் பிரிக்கிறோம். நாள் பார்த்து நடத்தப்பட்டவை காக்கை வகை. நாள் பார்க்காமல் நடந்தவை பழ வகை. தாளில் இரண்டும் ஒரே எழுத்தில் அச்சாவதுதான் குழப்பத்துக்கெல்லாம் மூலம்.

நவம்பர் 1ஐப் பொறுத்தவரை காக்கைக் கூட்டம் அதிகம். 1858இல் கம்பெனி ஆட்சி முடிந்து மகாராணி ஆட்சி தொடங்கியதை அலகாபாத்தில் கானிங் பிரபு படித்தறிவித்தது இந்த நாளில். 1954இல் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது இந்த நாளில். அதற்கு இரு வாரம் முன்பு, அக்டோபர் 18 அன்று, கீழூரில் 178 பேர் கூடி, 170 பேர் இணைப்புக்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்திருந்தார்கள். 1956இல் கேரளம், ஆந்திரப் பிரதேசம், புதிய மைசூர் எல்லாம் பிறந்ததும் கன்னியாகுமரி நம்மிடம் வந்ததும் இந்த நாளில். 1966இல் ஹரியானா, 2000இல் சத்தீஸ்கர். மாநிலங்களுக்கு மட்டும் இந்த நாள் அப்படியென்ன ராசி?

சோதிடர் இங்கே துள்ளிக் குதிப்பார். 1956 நவம்பர் 1 வியாழக்கிழமை. 1973 நவம்பர் 1உம் வியாழக்கிழமை. குருவாரம்! அதோடு வியாழனன்று சூலம் தெற்கு. தெற்கே பயணம் ஆகாது. ராமாபுரம் கோயமுத்தூர் கலெக்டரை விட்டு மைசூருக்குப் போனது, வடக்கு நோக்கி. கன்னியாகுமரி திருவனந்தபுரத்தை விட்டுச் சென்னைக்கு வந்ததும் வடக்கு நோக்கியே. இவற்றில் ஒரு தாலுகாகூடச் சூலத்தில் மாட்டவில்லை. இதைக் கண்டுபிடித்தபோது நமக்கே ஒரு கணம் மெய்சிலிர்த்தது என்பதை மறைப்பதற்கில்லை.

ஆனால் 1858 நவம்பர் 1 திங்கட்கிழமை, 1966இல் செவ்வாய், 2000இல் புதன். குருவைக் கைவிட்டோம். உண்மைக் காரணம் சம்பளப் பட்டியல். மாதக் கணக்கை முடித்துவிட்டு மாநிலத்தைப் பிரித்தால் அக்டோபர் சம்பளம் ஒரு கஜானா, நவம்பர் சம்பளம் இன்னொரு கஜானா, வழக்கு இல்லை. 17ஆம் தேதி பிரித்திருந்தால் கொள்ளேகால் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவரின் சம்பளத்தைப் பதினாறுக்கும் பதினான்குக்குமாக இரு அரசுகள் பங்கிட்டு முடிப்பதற்குள் நூற்றாண்டு முடிந்திருக்கும். மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் பசல் அலியும் குன்ஸ்ருவும் பணிக்கரும் மொழியைப் பார்த்து எல்லை வகுத்தார்கள். தேதியை வகுத்தது கணக்குப் பிரிவு என்க.

இதற்குத் தடை: அப்படியானால் தெலங்கானா 2014 ஜூன் 2 அன்று பிறந்தது எப்படி? ஜார்க்கண்ட் நவம்பர் 15 அன்று பிறந்தது எப்படி? விடை: ஜார்க்கண்ட் பிர்சா முண்டாவின் பிறந்தநாளில் பிறந்தது, அது நாள் பார்த்து உட்கார்ந்ததுதான், ஆகவே காக்கையே. தெலங்கானாவில் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை. காக்கைக்கும் வார விடுமுறை உண்டு.

பழங்களுக்கு வருவோம். 1959 நவம்பர் 1 அன்று எம்.கே. தியாகராஜ பாகவதர் மறைந்தார், ஐம்பது வயதுகூட நிரம்பாமல். ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளி கண்டது; அதன் நாயகன் சிறை கண்டார்; விடுதலையாகி வந்தபோது ரசிகர்களின் காது வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவர் போன நாளுக்கும் மாநிலப் பிரிவினைக்கும் ஒரு நூலிழைத் தொடர்பும் இல்லை. இது சுத்தமான பழம். ஆராய்ச்சியை ஒரு வரி நிறுத்திவிட்டு அவர் பாட்டு ஒன்றைக் கேட்கலாம்; குற்றமில்லை.

சிக்கலான பழம் ஐஸ்வர்யா ராய். 1973 நவம்பர் 1 அன்று மங்களூரில் பிறந்தார். அதாவது கர்நாடகம் என்ற பெயரும் அவரும் ஒருநாள் பிள்ளைகள். அந்த மங்களூரும் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தில் இருந்து, ராமாபுரத்தோடு ஒரே நாளில் மைசூருக்குப் போன ஊர். பதினேழு ஆண்டு முந்திப் பிறந்திருந்தால் அவர் பிறந்த மாநிலம் எது என்பதை முகூர்த்தம் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு அவருடைய முதல் படமான ‘இருவர்’ வந்த 1997ஆம் ஆண்டில்தான் ராமாபுரம் மாவட்டம் மாறியது. இவை அனைத்தும் உண்மை. இவற்றால் நிறுவப்படுவது ஒன்றுமில்லை. காகதாலீயத்துக்கு இதைவிடத் தூய சான்று கிடைப்பது அரிது.

தகுதி நீக்கம் செய்யப்பட்டவர்களும் உண்டு. ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ 1604 நவம்பர் 1 அன்று லண்டன் அரண்மனையில் நடிக்கப்பட்டது என்பதால் இந்தத் தாளில் இடம் கேட்கிறது. தர இயலாது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாள்காட்டியை வைத்திருந்தது. இன்றைய கணக்கில் அது நவம்பர் 11. அமெரிக்காவின் முதல் ஹைட்ரஜன் குண்டு விஷயம் இன்னும் வம்பு. பசிபிக் தீவில் 1952 நவம்பர் 1 காலை ஏழேகால் மணிக்கு வெடித்தது. அப்போது வாஷிங்டனில் அக்டோபர் 31 பிற்பகல். ராமாபுரத்தில் நள்ளிரவு தாண்டி முக்கால் மணி நேரம். அதாவது நவம்பர் 1தான். உத்தரவிட்டவர்களின் ஊரில் நேற்றைய சம்பவம், உறங்கிக்கொண்டிருந்தவர்களின் ஊரில் இன்றையது. நாம் ராமாபுரத்துக் கடிகாரத்தையே பிரமாணமாகக் கொண்டோம்.

லிஸ்பன் நகரத்துப் பூகம்பம், 1755, ஒரு விதத்தில் இரு வகையும் சேர்ந்தது. புனிதர் அனைவர் திருநாள் என்பதால் கோயில்கள் நிறையக் கூட்டம், பீடங்களில் மெழுகுவர்த்தி. நிலம் ஆடியது பழம். தீ பரவ வழிசெய்த விளக்குகள் காக்கை. அதற்கு மேல் இதில் வேடிக்கை பேச வாய் வரவில்லை.

கடைசியாக, களப்பணி. இந்திய மக்கள்தொகை 140 கோடியை 365ஆல் வகுத்தால் ஒவ்வொரு தேதிக்கும் ஏறத்தாழ 38 லட்சம் பேர் வருகிறார்கள். ராமாபுரத்திலும் நவம்பர் 1 அன்று பிறந்த முதியவர்கள் இருந்தாக வேண்டும்; அவர்களைக் கொண்டு கொள்கையைச் சோதிக்கலாம் என்று நினைத்தோம். ஆனால் அந்தத் தலைமுறையின் பிறந்தநாளை நிர்ணயித்தவர் பிரம்மா அல்லர், பள்ளித் தலைமையாசிரியர். ஜூன் மாதம் பள்ளி திறக்கும். பையன் கையைத் தலைக்கு மேலே வளைத்துக் காதைத் தொடுவான். ஐந்து வயது நிரம்பியதாக ஒரு ஜூன் தேதி பதிவேட்டில் ஏறும். இது காக்கையும் அன்று, பழமும் அன்று. கிளையில் கயிறு போட்டுக் கட்டிய பழம். நவம்பர்க்காரர்கள் பலரும் அந்தக் கயிற்றில் ஜூனில் தொங்கிக்கொண்டிருக்க, ராமாபுரத்துக் களப்பணியைக் கைவிட்டு, ஜூன் மாதத்துக்குத் தனியே ஒரு கட்டுரை எழுத உத்தேசித்திருக்கிறோம்.