காதுக்கு வேலை வைக்காத வகுப்புக்கு ஒரு பாராட்டு

எல்கேஜி, யூகேஜி நடத்தும் பள்ளிகளே, உங்களைப் பாராட்ட வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் அந்த அமைதி. நான்கு வயதுக் குழந்தைகள் முப்பது பேர் கூடியிருக்கும் அறையில் பேச்சுச் சத்தம் எழாமல் காப்பது எளிதல்ல. "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்ற ஒரே கட்டளையில் நீங்கள் அதைச் சாதிக்கிறீர்கள். வீட்டில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளை, உங்களிடம் வந்த முதல் பருவத்திலேயே பேசாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. மொழியைக் கற்கும் அறையில் மொழியின் ஓசையே இல்லாமல் பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாடு சாதாரணமானதல்ல.

அடுத்தது கையெழுத்து. தமிழில் முதலில் வரும் 'அ', எழுதுவதற்கு எளிய எழுத்தல்ல. சுழித்து, வளைத்து, கீழே இறங்கிக் கோடிழுக்க வேண்டும். விரல்கள் இன்னும் உறுதிப்படாத வயதில் அதை இரட்டைக்கோடு நோட்டு முழுக்க எழுத வைக்கிறீர்கள். நோட்டைப் பார்த்த பெற்றோர் நெகிழ்ந்துபோகிறார்கள். இந்த எழுத்தில் தொடங்கும் சொல் உன் வீட்டில் எதுவென்று கேட்டு, பக்கம் நிரம்புவதை நீங்கள் ஒருநாளும் தாமதப்படுத்தியதில்லை.

மனப்பாடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகளையும் ராகம் தப்பாமல் ஒப்பிக்கும் குழந்தைகளை ஆண்டுவிழா மேடையில் ஏற்றுகிறீர்கள். மேடையிலிருந்து இறங்கிய குழந்தையிடம் அட்டையில் 'கூ' என்ற எழுத்தை மட்டும் காட்டினால், அது 'க'விலிருந்து தொடங்கி, 'கா', 'கி', 'கீ' என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து 'கூ'வைப் பிடிக்கும். இடையில் ஓரெழுத்தும் தவறாது. அவ்வளவு திடமான பயிற்சி.

எழுத்துக்கூட்டலிலும் உங்கள் பிள்ளைகள் சொன்ன சொல் மாறாதவர்கள். மெய்யெழுத்தைத் தனியே உச்சரிப்பது கடினம் என்பதால் முன்னால் இகரம் சேர்த்து 'இக்', 'இங்', 'இச்' என்று சொல்வது நம் வழக்கம். 'பால்' என்ற சொல்லைப் பிரித்தால் 'பா, இல்' என்கிறது குழந்தை. சேர்த்துப் படி என்றால் 'பாஇல்' என்கிறது. நீங்கள் கற்பித்ததை எள்ளளவும் பிசகாமல் செய்த பிள்ளை அது. அதற்கு நீங்கள் வைக்கும் குட்டு ஒன்றுதான் உங்கள் முறையில் உங்களுக்கே ஐயம் எழும் இடம். கடலில் ஒரு விதமாகவும், பகலில் ஒரு விதமாகவும், தங்கத்தில் வேறு விதமாகவும் ஒலிக்கிறது ககரம். பள்ளிக்கு வருமுன்பே இந்த மூன்றையும் பிசகாமல் பேசிப் பழகிய காது அந்தக் குழந்தையுடையது. அதன் சொந்த உடைமையில் நீங்கள் கைவைப்பதேயில்லை.

உங்கள் உறுதியும் போற்றத்தக்கது. 1974-இல் அமெரிக்காவில் இசபெல் லிபர்மனும் உடன் ஆய்ந்தவர்களும், கேட்ட சொல்லை மேசையில் தட்டிப் பிரித்துக் காட்டும்படி குழந்தைகளிடம் சொன்னார்கள். நான்கு வயதில் ஏறக்குறையப் பாதிப்பேர் அசை அசையாகப் பிரித்தார்கள். தனித்தனி ஒலியாகப் பிரிக்க ஒருவராலும் முடியவில்லை. முதல் வகுப்பின் முடிவில் பத்தில் ஏழு பேருக்கு அதுவும் கைவந்தது. 1983-இல் இங்கிலாந்தில் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் சுமார் 400 பேரை ஆராய்ந்தார்கள். ஒலியால் சேராத சொல்லைக் கண்டுபிடிக்கும் திறன், பின்னாளில் அந்தக் குழந்தை எப்படி வாசிக்கும் என்பதை முன்கூட்டியே காட்டியது. அவர்களில் சிலருக்குப் படங்களை ஒலியால் இனம்பிரிக்கவும், கூடவே பிளாஸ்டிக் எழுத்துகளைக் கையாளவும் பயிற்சி தந்தபோது வாசிப்பு முன்னேறியது. 2007-இல் சொனாலி நாக், நம் எழுத்துமுறைக்கு நெருங்கிய கன்னடத்திலேயே, உயிர்மெய்களைக் கற்று முடிக்க முதல் வகுப்பைத் தாண்டியும் காலம் பிடிக்கிறது, தனி ஒலியுணர்வு மெல்லத்தான் வளர்கிறது என்று காட்டினார். இவற்றில் எதுவும் உங்கள் கால அட்டவணையில் ஐந்து நிமிடத்தைக்கூட அசைக்கவில்லை.

மரபைக் காப்பதிலும் உங்களுக்கு இணையில்லை. ஒலி எங்கே பிறக்கிறது, நாக்கு எதைத் தொடுகிறது, இதழ் எப்போது குவிகிறது என்று சொல்லத் தொல்காப்பியம் பிறப்பியல் என்று ஓர் இயலையே ஒதுக்கியது. முதலெழுத்து ஒன்றிவந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றிவந்தால் எதுகை என்று காதால் பாட்டை அளந்தது நம் யாப்பு. நான்கு வயதுக் குழந்தை துள்ளிக்கொண்டு ஆடக்கூடிய இந்த விளையாட்டை, உயர்நிலை வகுப்பின் இலக்கண வினாவுக்கென்று பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறீர்கள். ஒவ்வோர் அசைக்கும் முன்னால் 'க' சேர்த்து 'கநீ கவா' என்று ரகசியம் பேசும் பெரிய பிள்ளைகளையும் உடனே அடக்கிவிடுகிறீர்கள். சொல்லை உடைத்துச் சேர்க்கும் ஆற்றல் இடைவேளையில்கூடப் பரவாதபடி காவல் இருக்கிறீர்கள்.

கணக்கிலும் நேர்த்தி உண்டு. படிக்க வந்துவிட்ட குழந்தை பள்ளியின் பெருமை. படிக்க வராத குழந்தைக்கு 'கவனம் போதாது' என்ற குறிப்பு டைரியில் வீட்டுக்குப் போகிறது. எந்தப் பயிற்சி அதற்குக் கிடைக்கவில்லை என்ற கேள்விக்கு அந்தக் குறிப்பில் இடமே இல்லை.

இந்தப் பாராட்டுகளில் ஒன்றையும் நான் திரும்பப் பெறவில்லை. இவை அத்தனையையும் நீங்கள் இழக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

நாளுக்குப் பத்து நிமிடம் போதும். நோட்டை மூடிவைத்துவிட்டு, 'தக்காளி'க்கு எத்தனை தட்டு என்று கைதட்டச் சொல்லுங்கள். 'நாய்க்குட்டி'யில் நாயை விரட்டிவிட்டால் மிச்சம் என்ன என்று கேளுங்கள். வகுப்பில் யார் யார் பெயர் ஒரே ஒலியில் தொடங்குகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்து ஒன்றாக நிற்கட்டும். 'மலை'யில் முதல் ஒலியை மாற்றித் 'தலை' ஆக்கட்டும். கல், கிளி, குடை மூன்றிலும் ஒளிந்திருக்கும் ஒலி எது என்பதைப் பிறகு கேட்கலாம். அது சற்றே கடினம், அவசரம் வேண்டாம். காது பிடித்த ஒலிக்கு உரிய எழுத்தட்டையை அப்போதே கையில் கொடுங்கள். தேடிய பிறகு கிடைக்கும் எழுத்தைக் குழந்தை மறக்காது.

அறையில் சத்தம் எழும். நோட்டில் சில பக்கங்கள் குறையும். ஆண்டுவிழாவில் 247 எழுத்தும் ஒலிக்காமல் போகலாம். ஆனால் எழுத்து என்பது தன் வாயிலிருந்து வந்த ஒலிக்கு வைத்த குறி என்பது ஒவ்வொரு குழந்தைக்கும் விளங்கும். வாசிப்பின் தொடக்கம் அதுதான். வருகிற ஜூன் மாதம், இந்தப் பாராட்டில் ஒரு வரிக்குக்கூடத் தகுதியற்ற வகுப்பாக உங்கள் வகுப்பு திறக்கட்டும்.