இரண்டு சில்லும் சுழலட்டும்

வெறும் பெட்டியோடு ஓடும் பிக்கப்பைப்போலப் பனிக்காலத்தில் தவிக்கும் வாகனம் வேறில்லை. எஞ்சினின் பாரம் முன்னுக்கு. தள்ளவேண்டிய சில்லுகள் பாரமில்லாமல் பின்னுக்கு. 1990களில் ரொறன்ரோவில் நான் வைத்திருந்த ஃபோர்ட் ரேஞ்சரும் அப்படித்தான். ஒரு பின்சில்லு ஐஸில் ஏறிவிட்டால் அது மட்டும் சீறிக்கொண்டு சுழலும். காய்ந்த தார்மேல் நிற்கும் மற்றது அசையாது.

காரணம், பின் அச்சின் நடுவிலிருக்கும் டிஃபரென்ஷியல். பிரான்சின் ஒனெசிஃபோர் பெக்கர் 1827இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. வளைவில் வெளிச்சில்லு கூடத் தூரம் ஓட அது இடம் கொடுக்கிறது. ஆனால் முறுக்குவிசையை இரு பக்கமும் சமமாகவே பிரிக்கும். வழுக்கும் சில்லு தாங்கக்கூடியது சொற்பம் என்றால், நல்ல தரையில் நிற்கும் சில்லுக்கும் அதே சொற்பம்தான்.

அந்நாளில் எல்லோரும் பெட்டியில் மணல்மூட்டை போட்டுச் சமாளித்தோம். கராஜ் வைத்திருந்த அண்ணை ஒருவர்தான், "மூட்டை கிடக்கட்டும் தம்பி, உள்ளுக்கை இருக்கிறதை மாத்தோணும்" என்றார். ஒரு சில்லு தனியே ஓடிவிடாமல் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியலைத்தான் சொன்னார்.

பழைய வாகன யார்டில் ஃபோர்ட் எக்ஸ்புளோரர்கள் வரிசையாகக் கிடந்தன. அவற்றின் பின் அச்சிலும் பெரிய பல்சக்கரம் என்னுடையதைப்போல 8.8 அங்குலம்தான். ஆனால் அங்கே கிடந்தவற்றின் அச்சுத்தண்டு நுனியில் 31 பல், என் ரேஞ்சரில் 28. ஆகவே இன்னொரு ரேஞ்சரைத்தான் தேட வேண்டியிருந்தது. சாரதிக் கதவோரத்து லேபலில் அச்சுக் குறியீடு இருக்கும்: இரண்டும் இலக்கமென்றால் சாதாரணம், ஆங்கில எழுத்து கலந்திருந்தால் லிமிடெட் ஸ்லிப்.

அப்படி ஒன்று கிடைத்தாலும், மாற்றும் வேலை பொறுமையைக் கேட்கும். மூடியைக் கழற்றி எண்ணெயை வடித்து, குறுக்கு ஊசியை உருவி, தண்டுகளை உள்ளே தள்ளினால் சி வடிவக் கிளிப்புகள் விழும். பிறகு தண்டுகள் வெளியே வரும். பெயரிங் தொப்பிகள் இடம் மாறக்கூடாது என்று அண்ணை ஒவ்வொன்றிலும் குறி வைத்தார். பெரிய பல்சக்கரத்தை எங்கள் பழைய டிஃபரென்ஷியல் கூட்டிலிருந்து எடுத்துப் புதியதில் பூட்டினோம். அதைச் சுழற்றும் ஒரிஜினல் பினியன் அப்படியே இருக்கும். அதனால் இரண்டும் பழகிய சோடிதான். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. பற்களுக்கிடையேயான இடைவெளி 0.008 முதல் 0.015 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். மெல்லிய தகடுகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி, டயல் கேஜால் அளந்து, பல்லில் பசை பூசிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்த்தோம். இந்த இடத்தில் அவசரப்பட்டால் அச்சு காலமெல்லாம் ஊளையிடும்.

லிமிடெட் ஸ்லிப்பின் உள்ளே இருப்பது எளிமையான நுட்பம். உருக்குத் தட்டும் உராய்வுத் தட்டும் மாறி மாறி அடுக்கி, எஸ் வடிவ ஸ்பிரிங் ஒன்று அவற்றை அழுத்தி வைத்திருக்கிறது. ஒரு சில்லு தனியே ஓடப் பார்த்தால் அந்த உராய்வு மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். எண்ணெயோடு 4 அவுன்ஸ் ஃபிரிக்ஷன் மொடிஃபையரும் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் வளைவில் பின்பக்கம் நடுங்கும்.

அந்தக் குளிர்காலம் ரேஞ்சர் பாதி ஐஸிலிருந்தும் தானாகவே ஏறி வந்தது. ஆனாலும் மணல்மூட்டையை நாங்கள் இறக்கவில்லை. இரண்டு சில்லும் சேர்ந்து வழுக்கினால் வால் பக்கவாட்டில் வீசும். லிமிடெட் ஸ்லிப் நல்ல வின்டர் டயருக்கு ஈடாகாது.

இன்று கதை வேறு. 2011 செப்டெம்பர் 1 முதல் தயாராகும் கார், பிக்கப்புகளுக்குக் கனடாவில் சறுக்கல் கட்டுப்பாடு கட்டாயம். அதோடு பெரும்பாலும் சேர்ந்து வரும் இழுவைக் கட்டுப்பாட்டில், வீணாய்ச் சுழலும் சில்லுக்கு மட்டும் கணினி பிரேக் பிடித்து, விசையை மற்றதுக்குத் திருப்புகிறது. சறுக்கல் கட்டுப்பாடு உயிர் காக்கும் ஏற்பாடு. அதைக் குறை சொல்ல மாட்டேன். அதே ஆண்டு டிசம்பரில் மினசோட்டாவின் செயின்ட் பால் ஆலையில் கடைசி ரேஞ்சர் வெளிவந்தது. 2019இல் அதே பெயரில் வட அமெரிக்காவுக்குத் திரும்பி வந்தது, உருவத்தில் பெருத்து, சில வகைகளில் பின் டிஃபரென்ஷியலைப் பூட்ட ஒரு பொத்தானும் வைத்துக்கொண்டு.

அன்று யார்டில் யாரும் சீண்டாத அச்சுகளை இன்று ஆட்கள் தேடி அலைகிறார்கள். 2009இல் அமெரிக்க அரசு பழைய வாகனங்களை ஒழிக்கப் பணம் கொடுத்தபோது, எஞ்சினுக்குள் சோடியம் சிலிக்கேட் ஊற்றி அதை இறுக வைத்தார்கள். மக்கள் அதிகம் கொண்டுவந்து கொடுத்தது நான்கு சில்லு இயக்கமுள்ள எக்ஸ்புளோரரை. பின் அச்சைத் தனியாகக் கழற்றி விற்கச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் 180 நாளுக்குள் வாகனம் நசுக்கப்பட வேண்டும். கழற்ற யாரும் வராத நல்ல அச்சுகள் இரும்போடு இரும்பாய்ப் போனதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

ஒன்ராறியோவின் வீதி உப்பு சட்டகத்தைத் தின்றுவிடும். எண்ணெயில் நனைந்த பல்லை அது தொடாது. பழைய ஃபோர்ட் பிக்கப் வைத்திருப்பவர்களே, யார்டுக்கு அனுப்புமுன் கதவோர லேபலை ஒருமுறை வாசியுங்கள். அதிலுள்ள அச்சுக் குறியீட்டில் எழுத்து ஒன்று இருந்தால், அச்சைக் கழற்றித் தேவைப்படும் ஒருவரிடம் கொடுத்துவிட்டு மிச்சத்தை அனுப்புங்கள்.