கறுப்பின ஆய்வியல்: தேடல் இலக்கணச் சுருக்கம்

பாயிரம்

கற்றோர் உலகில் உயிர்கள் இருவகைப்படும்: நூலகச் சந்தா உடையவை, இல்லாதவை. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின ஆய்வியல் பயிலும் மாணவர் முதல்வகை. பட்டம் பெற்றுக் கடவுச்சொல் காலாவதியானதும் அவரே இரண்டாம் வகை. 1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 1969 மார்ச் வரை நீடித்து, இத்துறைக்கெனத் தனிப் பிரிவு பெற்றுத் தந்தது. துறை கிடைக்க ஐந்து மாதம் போதவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. அத்துறைக்கு வேண்டிய சான்று எந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது என்று கண்டறிய ஆகும் காலம்தான் இன்னும் வரையறுக்கப்படவில்லை. அதன்பொருட்டே இந்நூல்.

எண்ணியல்

மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட தசமப் பகுப்பு, உலக அறிவு முழுவதையும் பத்துப் பெட்டிகளில் அடைத்தது. நடைமுறையில் கறுப்பினத்தவருக்கு வாய்த்த எண்கள் பெரும்பாலும் இரண்டு: அடிமைமுறைக்கு 326, குடியேற்றத்துக்கு 325. அடிமையாக இருந்தால் ஓர் எண். கப்பலேறிப் போனால் இன்னோர் எண். இரண்டும் செய்யாமல் வீட்டில் உட்கார்ந்து கவிதை எழுதினால் சிக்கல். கறுப்பினக் கவிஞர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் கவிதைகளையும் 325-ல் அடுக்கிய நூலகங்கள் இருந்தன. இம்முறையில் ஒரு வசதி உண்டு: வாசகர் அதிகம் நடக்க வேண்டாம்.

1930-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக் கறுப்பினத் தொகுப்பின் பொறுப்பை ஏற்ற டோரதி போர்ட்டர் இந்த வசதியைக் கெடுத்தார். நூல்களை ஆசிரியர்வாரியாகவும் வகைவாரியாகவும் பிரித்து அடுக்கினார். கறுப்பினத்தவர் அடிமைப்பட்டதோடு நில்லாமல் இசையும் மருத்துவமும் மெய்யியலும் செய்திருக்கிறார்கள் என்ற செய்தி இவ்வாறு அலமாரி வழியே கசிந்தது.

பெயரியல்

தரவுத்தளத்தில் ஒரு மக்களின் பெயர், மக்களைச் சார்ந்ததன்று, ஆண்டைச் சார்ந்தது. காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புப் பட்டியலில் 1976 வரை ‘நீக்ரோக்கள்’ இருந்தார்கள். அவ்வாண்டில் அமெரிக்காவில் இருந்தவர்கள் ‘ஆப்ரோ-அமெரிக்கர்’ ஆனார்கள். 2000-ல் ‘ஆப்பிரிக்க அமெரிக்கர்’ ஆனார்கள். இதற்காக யாரும் வீடு மாறவில்லை.

பழைய செய்தித்தாள்களுக்கு இம்மாற்றம் தெரியாது. கறுப்பினச் செய்தித்தாளான ‘சிகாகோ டிஃபெண்டர்’ ஏட்டின் 1920-களின் இதழ்களில் இன்றைய நாகரிகச் சொல்லை இட்டுத் தேடினால், அந்நகரில் கறுப்பினத்தவரே இல்லை என்று முடிவுகட்டிவிடலாம். சரி, ‘நீக்ரோ’ என்று இடுவோம் என்றால், 1905-ல் அந்த ஏட்டைத் தொடங்கிய ராபர்ட் அபட் அச்சொல்லையும் விரும்பாதவர். ‘இனம்’, ‘இனத்து ஆண்கள்’, ‘இனத்துப் பெண்கள்’ என்பதே அவர் மரபு. ஆங்கிலத்தில் அதே சொல் (‘ரேஸ்’) பந்தயத்தையும் குறிக்கும். ஆதலால் முடிவுப் பட்டியலில் குதிரைகளும் வரும்.

1921-ல் ஓக்லஹோமாவின் துல்சாவில், வெள்ளையர் கும்பல் கிரீன்வுட் குடியிருப்பை எரித்து மக்களைக் கொன்றது. பொருள் தலைப்பில் அது ‘இனக் கலவரம்’. ‘படுகொலை’ என்று திருத்தப்பட்டது 2021-ல். நூலகத்துறை எதிலும் அவசரப்படுவதில்லை.

விதி: ஆய்வாளர் தாம் மதிக்கும் சொல்லால் மட்டும் தேடலாகாது. தேடப்படுவோரை மதியாதவர்கள் இட்ட சொல்லையும் கூசாமல் தட்டச்சு செய்க. கோப்பை அடுக்கியவர்கள் அவர்களே.

இன்மையியல்

பெயரே இல்லாதவரைத் தேடுவது எப்படி? 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் அடிமை அட்டவணையில் உடைமையாளர் பெயர் முழுதாக இருக்கும். அவருக்குக் கீழே பெரும்பாலும் வயது, பால், நிறம், அவ்வளவே. ஆகவே கொள்ளுப்பாட்டியைத் தேடுவோர் அவளை விலைக்கு வாங்கியவன் பெயரை இடுக.

விலக்கு ஒன்று உண்டு. ஓடிப்போனவர்களைப் பிடித்துத் தரக் கோரிய செய்தித்தாள் விளம்பரங்களில் பெயர், உயரம், தழும்பு, தெரிந்த தொழில், பேசும் பாங்கு என யாவும் விரிவாகக் கிடைக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ‘ஃப்ரீடம் ஆன் தி மூவ்’ தளம் அவற்றைத் திரட்டுகிறது. அடிமைப்பட்ட ஒருவர் வரலாற்றில் தெளிவாகப் பதிவாக உறுதியான வழி தப்பி ஓடுவதே என்பது இதனால் பெறப்படும்.

‘ஸ்லேவ் வாயேஜஸ்’ தளம் அட்லாண்டிக்கைக் கடந்த அடிமைக் கப்பல்களின் ஏறத்தாழ 36,000 பயணங்களைக் கப்பல், தலைவன், துறைமுகம், நாள் வாரியாகத் தருகிறது. அதன் மதிப்பீட்டில் கப்பலேற்றப்பட்டோர் சுமார் 1 கோடியே 25 லட்சம். கரையிறங்கியோர் சுமார் 1 கோடியே 7 லட்சம். கழித்தலை வாசகரே செய்துகொள்க.

வேலியியல்

‘டிஃபெண்டர்’ ஏட்டைப் புல்மன் ரயில் சிப்பந்திகள் தென்மாநிலங்களுக்குக் கமுக்கமாகக் கொண்டுபோனார்கள். ஒரு பிரதி பல வீடுகளுக்குப் போய்க் கந்தலாகும்வரை வாசிக்கப்பட்டது. அதன் பழைய இதழ்கள் இன்று ‘புரோக்வெஸ்ட்’ தரவுத்தளச் சந்தாவுக்குள் கசங்காமல் இருக்கின்றன. கடவுச்சொல்லை அடுத்த வீட்டாருக்குக் கொடுப்பது உரிம ஒப்பந்தத்துக்கு விரோதம். எந்த ஏட்டைக் கைமாற்றியவர்கள் இன்று போற்றப்படுகிறார்களோ, அதே ஏட்டை மாணவர் கைமாற்றலாகாது.

புறனடை

சந்தா இல்லாதாரும் பிழைக்க வழியுண்டு. அமெரிக்காவின் முதல் கறுப்பினச் செய்தித்தாளான, 1827-ல் தோன்றிய ‘ஃப்ரீடம்ஸ் ஜர்னல்’ விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் இலவசம். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற முதியோரிடம் 1936–38-ல் எடுத்த 2,300-க்கும் மேற்பட்ட வாய்மொழிகள் காங்கிரஸ் நூலகத்தில் இலவசம். கேள்வி கேட்டவர் பெரும்பாலும் வெள்ளையர் என்பதை அறிந்து வாசிக்க. கறுப்பினச் சிந்தனையாளர் டூபாய்ஸின் கடிதங்கள் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத் தளத்தில் இலவசம். அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் பிரதி கேட்டு, 1946-ல் அம்பேத்கர் அவருக்கு எழுதிய கடிதமும் அங்கேயே இருக்கிறது. இது பொதுவாக இந்தியாவைத் தேடி இந்தியத் தளங்களுக்குள் போவோர் கண்ணில் படாது.

இங்குச் சொல்லாதன யாவும் நூலகரிடம் கேட்டு அறிக. எந்தச் சொல் எந்த ஆண்டில் எந்தக் கோப்புக்குள் போனது என்பது அவருக்குத் தெரியும். அவரைத் தேட எவ்விதத் தேடுசொல்லும் வேண்டாம். மதிய உணவு நேரம் மட்டும் தவிர்க்க.