சரித்திரத் தகப்பன்

காரைக்காலுக்கு வருகிற வெளியூர்க்காரர்களை எங்கள் ஊர் ஆட்டோக்காரர்கள் பார்த்த மாத்திரத்தில் தரம் பிரித்துவிடுவார்கள். நல்லெண்ணெயும் கறுப்புத் துணியுமாக இறங்கினால் திருநள்ளாறு. இறங்காமலே கார்க் கண்ணாடியைத் தாழ்த்தி, குரலையும் தாழ்த்தி, “அண்ணே, கடை எந்தப் பக்கம்?” என்றால் அவர் தேடி வந்தது வேறு தீர்த்தம். மஞ்சள் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுக்க அலைந்தால், புதுச்சேரி என்று நினைத்துத் தெற்கே வெகுதூரம் தள்ளி வந்துவிட்டவர், பாவம்.

இந்தக் கணக்கு எதிலும் சேராத ஒருவர் இருக்கிறார். அவருடைய கார்க் கதவு திறந்ததும் முதலில் ஒரு பை இறங்கும். அப்புறம் அதைவிடப் பெரிய பை. பிறகு வெந்நீர் பிளாஸ்க், மடக்குத் தள்ளுவண்டி, மாமியார், மனைவி. எல்லாரும் இறங்கிய பிறகு, நெஞ்சில் பட்டை மாட்டி அதற்குள் குழந்தையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கையில் போனும் கண்ணில் பரவசமுமாக அவர் இறங்குவார். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் சரித்திரத் தகப்பன்.

சென்னையிலோ பெங்களூரிலோ கணினி வேலை. குழந்தை பிறக்கும்வரை இவருக்கும் சரித்திரத்துக்கும் எந்தத் தகராறும் கிடையாது. பிறந்த பிறகுதான், ‘பிள்ளைக்கு நம்ம மண்ணைக் காட்டணும்’ என்ற வேகம் வந்தது. பிள்ளைக்கு எட்டு மாதம். அது இதுவரை ஆர்வத்தோடு ஆராய்ந்திருப்பது தன் கால் கட்டைவிரலை மட்டும்தான்.

“தரங்கம்பாடியில 1620ல டேனிஷ்காரன் வந்துட்டான். நாகப்பட்டினத்துல போர்ச்சுகீசியன். அவன்கிட்டருந்து 1658ல டச்சுக்காரன் புடுங்கினான். நடுவுல காரைக்கால், பிரெஞ்சுக்காரன், 1739. நாப்பது கிலோமீட்டருக்குள்ள நாலு வெள்ளைக்காரன்! ஒரே நாள்ல பார்த்துடலாம்” என்பது அவர் திட்டம். மாமியாரிடம் வேறொரு திட்டம் இருக்கிறது. பத்து மணிக்கு ராகிக் கூழ். பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை தூக்கம். மூன்றுக்குப் பால். “தூக்கம் கெட்டா ராத்திரி நான் பொறுப்பில்ல மாப்பிள்ளை.” நாலு ஐரோப்பிய வல்லரசுகளும் கூழுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் கிடைக்கிற சந்தில்தான் வந்துபோக வேண்டும். டேனிஷ்காரனும் டச்சுக்காரனும் அங்கேயே கழன்றுகொள்வார்கள்.

பிரெஞ்சுக்காரனுக்கும் முன்னால் திருநள்ளாறு. இது மாமியாரின் நிபந்தனை. குழந்தைக்கு ஏழரை நடக்கிறதாம். “எட்டு மாசக் குழந்தைக்கு என்ன ஏழரை அத்தை?” என்று மாப்பிள்ளை சிரிப்பார். அந்த வீட்டில் எட்டு மாதமாக யாரும் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் தூங்கியதில்லை. ஏழரை யாருக்கு நடக்கிறது என்பதை அவர் இன்னும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

நளனைப் பிடித்த சனி விட்ட இடம் என்பதால், நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முங்கி, உடுத்திய துணியைக் கழித்துவிட்டு வருவது வழக்கம். குழந்தைக்கு உச்சியில் ஒரு சொட்டு எண்ணெய், தலையில் நாலு சொட்டுத் தண்ணீர். துணி கழிப்பதில் சிக்கலே இல்லை, பொழுது விடிந்ததிலிருந்து அது மூன்று உடுப்பு கழித்திருந்தது. வரிசையில் நிற்கும்போது தகப்பன் ஆரம்பிப்பார். மூலவர் தர்ப்பாரண்யேஸ்வரர், சப்தவிடங்கத் தலங்களில் இது ஒன்று, மதுரையில் சமணர்களோடு நடந்த வாதில் சம்பந்தர் நெருப்பில் போட்டும் வேகாத பச்சைப் பதிகம் இந்தத் தலத்துக்குரியது. கேட்கிறவர் யாருமில்லை. வரிசை முழுவதற்கும் வேறு கவலை. சனீஸ்வரனை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது, ஓரமாக நின்றுதான் கும்பிட வேண்டும். சந்நிதியில் அத்தனை பேரும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்கையில், முன்பக்கம் பார்த்துக் கட்டப்பட்ட குழந்தை மட்டும் கண் கொட்டாமல் நேராகப் பார்க்கும். பொக்கை வாயைத் திறந்து சிரிக்கவும் செய்யும்.

“ஐயையோ, நேராப் பாத்துடுச்சே!”

“பச்சப்புள்ளய அவரு என்னம்மா செய்யப்போறாரு?”

“சிரிச்ச சிரிப்புல அவருக்கே கொஞ்சம் எறங்கியிருக்கும், வாங்க.”

மூன்றாவது அம்மாள் சொன்னதுதான் தீர்ப்பு. மாமியார் அதை ஏற்றுக்கொண்டு இன்னொரு எள் விளக்குப் போடுவார்.

ஊருக்குள் பாரதியார் சாலையில் இருக்கிறது காரைக்கால் அம்மையார் கோயில். ஆறாம் நூற்றாண்டு அம்மையார் என்பதால் ஆறாம் நூற்றாண்டுக் கல்லைத் தொட்டுப் பார்க்கும் ஆசையோடு தகப்பன் நுழைவார். கட்டியது 1929இல் என்று அறிந்ததும் முகம் சுருங்கும். ஆனாலும் கதை இருக்கிறதே. புனிதவதி, மாம்பழம், கணவன் பரமதத்தன் மிரண்டு கப்பலேறியது, பாண்டிய நாட்டில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டது, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தது, கடைசியில் இரண்டாம் மனைவியையும் தளர்நடைக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு முதல் மனைவியின் காலில் விழுந்தது. சேக்கிழார் சொன்ன வரிசையில் சொல்லிக்கொண்டே வந்தவரை மனைவி நிறுத்துவாள்.

“ரெண்டாவது பொண்டாட்டி புள்ளைக்கு மொத பொண்டாட்டி பேரா?”

“ஆமா. எவ்வளவு பெரிய விஷயம் பாரு!”

“இதை ஏன் இவ்வளவு சந்தோஷமா சொல்றீங்க?”

சின்னக் குழந்தையோடு குடும்பமாகப் போய் நிற்பவர்களுக்கு நம் இலக்கியத்தில் இதைவிடப் பழைய முன்னோடி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பரமதத்தனுக்கும் அன்று பேச அதிக இடம் கிடைத்திருக்காது.

ஆனிப் பௌர்ணமி மாங்கனித் திருவிழாவில் வந்து மாட்டுகிறவர் பாடு இன்னும் மோசம். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் பறக்கும். பிடித்துச் சாப்பிட்டால் குழந்தை பிறக்கும் என்பது நம்பிக்கை. போன வருஷம் பாய்ந்து பாய்ந்து மாம்பழம் பிடித்த அதே ஆள், இந்த வருஷம் நன்றி சொல்லக் குழந்தையோடு வந்து, பறந்து வருகிற ஒவ்வொரு மாம்பழத்துக்கும் பிள்ளையின் தலையைப் பொத்திக்கொண்டு குனிவதைப் பார்க்க வேண்டும். கையை ஏந்திக்கொண்டு நிற்கிற பக்கத்து ஆளுக்கு ஒன்றும் புரியாது.

அம்மையார் கோயிலுக்கு எதிரே உள்ள கைலாசநாதர் கோயிலில் தூண்களைக் கண்டதும் மாமியாருக்குப் புது உற்சாகம் வரும். மாப்பிள்ளை சிற்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் தூணுக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பார். ஒரு பழம்புடவை இருந்தால் அருமையான தூளி கட்டலாம். புடவை பெரிய பையில் இருக்கிறது. குருக்கள் வருவதற்குள் முடிச்சுப் போட வேண்டும்.

பிரெஞ்சுக்காரனுக்கு நேரம் கிடைப்பது மாதா கோயில் வீதியில், உச்சி வெயிலில். தகப்பன் தொடங்குவார்: “தஞ்சாவூர் மராட்டிய ராஜா சாகுஜிக்கு நாற்காலி ஆடிக்கிட்டிருந்தது. உதவி பண்ணு, காரைக்காலைத் தர்றேன்னாரு. உட்கார்ந்ததும் பேச்சை மாத்திட்டாரு. அப்புறம் சந்தா சாகிப் புடிச்சுக் குடுத்துதான் 1739ல...” இந்த இடத்தில் பூக்காரம்மா, “ஏன் தம்பி, புள்ளைக்கு மூச்சு முட்டாதா?” என்று பட்டையிலிருந்து குழந்தையை உருவிவிடுவார். தகப்பன் விடாமல் 1760க்குப் போய், ஆங்கிலேயன் ஊரைப் பிடித்ததைச் சொல்லும்போது குழந்தை பழக்கடை அக்காவின் இடுப்பில் இருக்கும். ஊர் பிரெஞ்சுக்காரனுக்குத் திரும்பும்போது பஸ்ஸுக்கு நிற்கிற கல்லூரிப் பெண்களிடம். மறுபடி ஆங்கிலேயன், மறுபடி பிரெஞ்சு. 1814 ஒப்பந்தத்துக்குப் பிறகு காரைக்கால் நிலையாக ஒரு கைக்கு வந்துசேரும். குழந்தை வந்துசேராது.

ஒருவழியாகத் திரும்பினாலும் சும்மா வராது. கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு ஏறியிருக்கும். “உரம் விழுந்திருக்கு, எடுத்துடுங்க”, “ஓமத்தண்ணி குடுக்கிறீங்களா?”, “கையில வசம்பு வளையல் ஏன் போடல?” என்று ஆளுக்கொரு உத்தரவும் சேர்ந்து வரும். இந்த ஊரை பிரெஞ்சுக்காரர்கள் ஒப்படைத்தது 1954 நவம்பர் 1இல், சட்டப்படி கைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16இல். எங்கள் கடைத்தெருவில் குழந்தையைத் திரும்ப வாங்குவதும் அந்த முறைப்படிதான். ஆள் முதலில் வரும், உரிமை மெதுவாக வரும்.

பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்றவற்றில் குழந்தைக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: போலீஸ்காரர் தலையில் இருக்கிற சிவப்புத் தொப்பி. நாற்சந்தியில் அந்தத் தொப்பியைக் கண்டதும் அது கையையும் காலையும் உதைத்து ஆர்ப்பரிக்கும். போலீஸ்காரரும் போக்குவரத்தை அதன் போக்கில் விட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றி ஆட்டிக்காட்டுவார். “பாத்தியா, பிரெஞ்சுப் பாரம்பரியம்!” என்று தகப்பன் நெகிழ்வார். குழந்தை அதற்குள் அந்தப் பாரம்பரியத்தை வாயில் வைத்திருக்கும்.

சாயங்காலம் கடற்கரை. அரசலாறு கடலில் கலக்கிற இடத்தைக் காட்டப் பத்து நிமிஷம்தான் அனுமதி. “கடல் காத்து காதுல பூந்துடும்” என்று குழந்தையைக் கம்பளிக் குல்லாவில் மூடியாகிவிட்டது. வியர்த்து அழுகிற பிள்ளைக்கு அரசலாறாவது ஒன்றாவது.

அந்த அழுகையை நிறுத்த வழி சொல்வது எங்கள் ஆட்டோக்காரர்தான். மக்ரிப் தொழுகை முடிகிற நேரத்தில் பள்ளிவாசலுக்கு வெளியே குழந்தையோடு நிற்க வேண்டும். தொழுதுவிட்டு வருகிற பெரியவர்கள் ஓதி, முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். இந்தப் பக்கத்தில் எந்தச் சாதி மதத்துத் தாயும் அங்கே நின்றிருப்பாள். மாமியார் முன்வரிசையில் நிற்பார். காலையில் சனீஸ்வரன், மத்தியானம் மாதா கோயிலில் மெழுகுவத்தி, இப்போது பள்ளிவாசல்: அவருக்கு மதம் ஒன்றுதான், பேரப்பிள்ளை. நாலைந்து பேர் ஊதியதும் குழந்தை அசந்துவிடும். குல்லாவை யாரோ கழற்றியிருப்பார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இரவு வேளாங்கண்ணியில் அறை. வாஞ்சூர் எல்லையில் தமிழ்நாட்டுப் போலீஸ் காரை மறிக்கும். காரைக்காலிலிருந்து இரவில் தெற்கே போகிற காரில் என்ன இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாதா?

“பாட்டில் ஏதும் இருக்கா சார்?”

சரித்திரத் தகப்பன் பொய் சொல்லத் தெரியாதவர். “இருக்கு சார். ஆறு.”

“ஆறா? டிக்கியத் தொறங்க.”

பெரிய பை இறங்கும். ஆறும் ரப்பர் காம்போடு வரிசையாக வெளியே வரும். ஒன்றில் பாதி பால். ஏட்டு அதை முகர்ந்து பார்த்துவிட்டு டார்ச்சைக் காருக்குள் அடிப்பார். குழந்தை கண் விழித்து, முதலில் அவர் தலையைப் பார்க்கும். காக்கித் தொப்பி. ஊர் மாறிவிட்டது என்று அதற்குப் புரிந்துவிடும். வீறிட்டு அலறும்.

“புள்ளைக்கு ஒரு குல்லா போடக் கூடாதா சார்? பனி எறங்குது பாருங்க” என்பார் ஏட்டு.

மாமியாருக்கு இந்த வார்த்தை போதும்.